என்ஜின் பூட்டிய வான்குடை



சென்ற தை மாதக் கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து, பிளஸ் டூ படிக்கும் மாணவர் மூவரும் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவி ஒருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். பாராசூட் என்னும் வான்குடையின் அடியில் ஒரு மூன்று சக்கர வண்டியைத் தொங்கவிட்டு, அந்த வண்டியின் முதுகில் ஓர் என்ஜினையும் விசிறியையும் பூட்டி, ஆகாயத்தில் மெல்ல மெல்லப் பறக்கிறார்களே, அந்த விளையாட்டைப் படத்தில் கண்டிருக்கிறார்கள். அவ்வண்டியில் நானும் ஒருமுறை ஏறியவன் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி இது: “ஐயா, நம் தஞ்சை மாவட்டத்தில் மலையே இல்லை. எங்கு நோக்கினும் சமவெளி. சம்பா அறுவடை முடிந்தபின் வயல்களெல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றன. இங்கே நாங்கள் பறப்போர் சங்கம் ஒன்று அமைத்தால் என்ன?”

கடிதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று எழுத்துப் பிழை. ‘பறப்போர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் இடையின ரகரத்தைப் போட்டுப் ‘பரப்போர் சங்கம்’ என்று எழுதியிருந்தார்கள். வதந்தியைப் பரப்புவதற்குச் சங்கம் வேண்டியதில்லை. அது தானாகவே நடைபெறும். மற்றொரு பிழை, வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பது. அதைப் பின்னர் சொல்கிறேன். கடிதத்துக்கு அன்றே நாலு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி நாலு வரியில் அடங்குவதன்று.

முதலில் அந்த ஊர்தி எப்படிப் பறக்கிறது என்பதைப் பார்ப்போம். காவிரி மணலில் ஈர வேட்டி உலர்த்துவதைக் கண்டிருப்பீர்கள். இருவர் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நிற்பார்கள். வேட்டி பாய்மரப் பாயைப் போலப் புடைக்கும். பிடித்திருப்பவரைச் சற்று இழுக்கவும் செய்யும். பழைய காலத்து வான்குடையும் ஏறக்குறைய அப்படித்தான். 1797ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸ் நகரத்தில் கார்னரென் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறி, அந்தரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு, பட்டுத் துணிக் குடையின் உதவியால் கீழே இறங்கினார். ஊஞ்சல்போல் அலைக்கழிக்கப்பட்டே இறங்கினார் என்பார்கள். அந்தக் குடை வீழ்ச்சியைத் தாமதப்படுத்தியதே தவிர, பறக்கவில்லை. பறப்பதற்கு இறக்கை வேண்டும். இறக்கைக்கு வடிவம் வேண்டும்.

துணிக்கு வடிவம் கொடுத்தவர் டொமினா ஜால்பர்ட் என்ற அமெரிக்கர். பட்டம் செய்வதில் தேர்ந்த கைகாரர். இரண்டு துணிகளை மேலும் கீழுமாக வைத்து, அவற்றின் இடையே குறுக்குத் துணிகளைத் தைத்துப் பல அறைகளாகப் பிரித்தார். முன்புறத்து வாயைத் திறந்துவிட்டார். பின்புறத்தை மூடித் தைத்தார். எதிர்க்காற்று வாய்வழியே நுழைந்தது, வெளியேற வழியில்லை. ஒவ்வோர் அறையும் பஞ்சடைத்த தலையணைபோல் விறைத்து நின்றது. அப்படி விறைத்த துணியின் குறுக்குவெட்டு, விமானத்து இறக்கையின் வடிவத்தைப் பெற்றுவிட்டது. அதில் மூங்கிலும் இல்லை, இரும்பும் இல்லை. காற்றே அதற்கு எலும்பு. இந்த அமைப்புக்கு அவர் உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தது 1964இல். பின்னர், 1980களின் தொடக்கத்தில், ஸ்டீவ் ஸ்னைடர் முதலிய சிலர் இத்துணி இறக்கையின் கீழே சக்கர வண்டியையும் என்ஜினையும் சேர்த்துப் ‘பாராபிளேன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் வழிவந்தவைதாம் இன்று காணும் ஊர்திகள்.

இருவர் அமரும் ஊர்தி ஒன்றை எடுத்துக்கொண்டால், துணி இறக்கையின் பரப்பு சுமார் 500 சதுர அடி. என்ஜின் 50 அல்லது 60 குதிரைச் சக்தி கொண்டது. பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்குப் போல, பெட்ரோலோடு எண்ணெய் கலக்கும் இரண்டு வீச்சு என்ஜின்களே பெரும்பாலும் பழக்கத்தில் இருந்துவந்தன. மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுதான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் பஸ் அதைத் தாண்டிச் சென்றுவிடும்.

இந்த வேகத்தைப் பற்றி ஒரு விந்தை உண்டு. என்ஜினுக்கு மேலும் விசை கொடுத்தால் வண்டி வேகமாய்ப் போகும் என்றுதானே நினைப்போம்? போகாது. மேலே ஏறும். விசையைக் குறைத்தால் மெதுவாகப் போகாது, கீழே இறங்கும். வண்டி, கயிறுகளால் இறக்கைக்கு வெகு கீழே ஊசற்குண்டுபோலத் தொங்குகிறது. கயிறுகளின் நீளமும் தொங்கும் எடையும் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை நிர்ணயித்துவிடுகின்றன. ஆகையால் வேகமும் ஏறக்குறைய நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. திரும்புவதற்குக் காலடியில் இரண்டு தண்டுகள் உள்ளன. வலக்காலை அழுத்தினால் இறக்கையின் வலப்புறப் பின்னோரம் இழுபட்டு ஊர்தி வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் ஒருங்கே அழுத்தினால் வேகம் தணியும். நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர் அவ்வாறு செய்து மெத்தென்று இறக்குவார்கள். என்ஜின் நின்றுவிட்டாலோ? கல்லைப்போல் விழுந்துவிடாது. துணி இறக்கை விரிந்தபடியே இருக்கும். ஓர் அடி இறங்குவதற்குள் மூன்றடிக்குக் குறையாமல் முன்னே சறுக்கிச் செல்லும். ஆயிரம் அடி உயரத்தில் என்ஜின் நின்றால், ஏறத்தாழ மூவாயிரம் அடி தூரத்துக்குள் இறங்குவதற்கு ஓரிடம் கிடைத்தாக வேண்டும். கிடைக்குமா என்பதை என்ஜின் நின்றபின் யோசிக்கலாகாது.

வேகம் மாறாதது என்றேன். அதனால் ஓர் எட்டாம் வகுப்புக் கணக்கு உயிர்பெற்று எழுகிறது. ஆற்றோட்டத்தோடு செல்லும் படகு, ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பும் படகு என்று நாம் எல்லோரும் போட்டுச் சலித்த கணக்குத்தான். உங்கள் ஊரிலிருந்து 21 கிலோமீட்டரில் ஓர் ஊர் இருக்கிறது. காற்று அந்த ஊரை நோக்கி மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் வீசுகிறது என்று கொள்ளுங்கள். போகும்போது தரையைப் பொறுத்து உங்கள் வேகம் 70. பதினெட்டு நிமிஷத்தில் போய்விடுவீர்கள். அடடா, என்ன சுகம்! திரும்பும்போது வேகம் 30. நாற்பத்திரண்டு நிமிஷம் ஆகும். “போக 18, வர 18, ஆக 36 நிமிஷத்துக்குப் பெட்ரோல் போதும்” என்று ஒருவன் கிளம்பினால், திரும்பும் வழியில் 9 கிலோமீட்டர் வந்த இடத்தில் டாங்கி வற்றிவிடும். வீடு இன்னும் 12 கிலோமீட்டர். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வீசினாலோ, வண்டி நின்ற இடத்திலேயே அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கும். பெரிய விமானத்துக்குக் காற்று ஒரு தொந்தரவு. இந்தச் சிறிய ஊர்திக்குக் காற்றே எஜமானன். ஆகவேதான் இதில் பழகியவர்கள் விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலுமே பறக்கிறார்கள். வெயில் ஏறியபின் தரை சூடேறி, சூடான காற்று ஆங்காங்கே குமிழிகளாக மேலெழும்பும். அப்போது துணி இறக்கை, முறத்தில் புடைக்கும் நெல்லைப்போல் எகிறும்.

இனி நான் பறந்த கதை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் என் மகள் குடும்பம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே போயிருந்தேன். அந்தப் பிரதேசமும் நம் டெல்டாவைப்போலத் தட்டையானது; நெல்லுக்குப் பதில் மக்காச்சோளம். ஊருக்கு வெளியே ஒரு புல்தரை, அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதுவே சங்கம். அங்கத்தினர் பதினைந்து பேருக்குள் இருப்பார்கள். பல் வைத்தியர் ஒருவர், ஓய்வுபெற்ற மின்சாரத் தொழிலாளி ஒருவர், பள்ளி பஸ் ஓட்டும் அம்மையார் ஒருவர், இரண்டு மூன்று விவசாயிகள். அவர்களுள் ஒருவர் என் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர். “வாத்தியாரை அழைத்து வாருங்கள்” என்றார்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கே போனோம். கம்பத்தில் கட்டிய ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவர் முகத்திலும் வருத்தம் காணோம். இரண்டாம் முறை போனபோது மூடுபனி. காப்பி, மீண்டும் வீடு. மூன்றாம் நாள் ரிப்பன் அசையாமல் தொங்கியது. ஆனால் அன்று நான் கண்ட முதற்காட்சி பறப்பதன்று. இரண்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்த ஓர் அங்கத்தினர், துணியை அவசரமாக விரித்து, வண்டியில் ஏறி அமர்ந்து, என்ஜினைக் கிளப்பப் போனார். பஸ் ஓட்டும் அம்மையார் கயிறுகளின் பக்கமாக ஒருமுறை நடந்து பார்த்தார். ஒரு கயிறு, கீழே இருக்க வேண்டியது, துணியின் மேலே குறுக்காகக் கிடந்தது. அப்படியே கிளம்பினால் இறக்கை சரியாக விரியாமல் ஒருபுறம் மடங்கும். “இறங்குங்கள்” என்றார். அவர், “ஓடும்போது தானே சரியாகிவிடும்” என்று ஏதோ முணுமுணுத்தார். அம்மையார் வாதாடவில்லை. தம் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, வண்டியின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு காப்பியைக் குடிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் சிரிக்கவில்லை, இது வழக்கமாக நடப்பதுதான் போலும். அவர் இறங்கிக் கயிற்றைச் சரிசெய்தார். பிறகு நன்றாகவே பறந்தார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு முறை என்று பேசியவன் நான். அந்த நாற்காலியைப்போல் ஒரு போதனாமுறையை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

பிறகு பல் வைத்தியர் என்னைப் பின் இருக்கையில் வைத்துப் பட்டைகளால் கட்டினார். தலைக்கவசம், காதுக்கு மூடி. என்ஜின் அலறியது, புல்தரையில் ஓடினோம், தலைக்குமேல் ஏதோ ஒன்று சடசடவென்று எழுந்து நிற்பதை உணர்ந்தேன், அடுத்த கணம் சக்கரத்தின் ஓசை நின்றுவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன்: முதல் ஐந்து நிமிஷமும் நான் எதையும் பார்க்கவில்லை. கம்பியைப் பற்றியிருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் நமக்குக் கீழே ஒரு தரை உண்டு. இதிலோ செருப்புக்குக் கீழே ஐந்நூறு அடிக்கு வெறும் காற்று. அப்புறம் ஒரு வாசனை வந்தது. அறுத்த சோளத்தட்டையின் வாசனை, அத்தனை உயரத்துக்கும். அது வந்தபின் நிமிர்ந்து பார்த்தேன். வாய்க்கால் ஒன்று விடியல் வெளிச்சத்தில் வெள்ளித் தகடுபோல் கிடந்தது. ஒரு பண்ணை வீட்டு வாசலில் நாய் ஒன்று எங்களைப் பார்த்து ஓடியது. அது குரைப்பது தெரிந்தது, கேட்கவில்லை. கல்லணையும், பிரிந்து செல்லும் காவிரியும் வெண்ணாறும், பாத்தி பாத்தியாய்ப் பச்சை நிறமும், இவற்றை ஒருநாள் இப்படிப் பார்க்க வேண்டும் என்று என் மனம் உடனே ஆசைப்பட்டது. ஆதலால் அந்த நான்கு இளைஞர்களின் ஆசை எனக்குப் புரியாதது என்று அவர்கள் எண்ண வேண்டாம்.

பொழுதுபோக்காகப் பறப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1910இலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டாஞ்செலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு சொந்தமாக ஒரு விமானம் செய்வித்துப் பறந்து காட்டினார். 1920களின் பிற்பகுதியில் டில்லி, பம்பாய் முதலிய நகரங்களில் பறக்கும் சங்கங்கள் தோன்றின. அடுத்துச் சென்னைப் பறக்கும் சங்கமும் வந்தது. அவற்றில் பழகியவை பெரும்பாலும் ‘மாத்’ என்னும் சிறிய விமானங்கள், இருவர் அமரலாம், இறக்கைகளைப் பின்னே மடித்து ஒரு கொட்டகைக்குள் தள்ளி வைக்கலாம். ஜே. ஆர். டி. டாட்டா பம்பாய்ச் சங்கத்தில் பயின்று 1929 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் எண் உரிமத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 24. அவர் 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற்பைகளோடு தாமே விமானம் ஓட்டிச் சென்றார். லாகூர்ப் பறக்கும் சங்கத்தில் சரளா துக்ரல் அம்மையார் 1936இல், தம் இருபத்தொன்றாம் வயதில், சேலை உடுத்தியே தனியாக ஒரு மாத் விமானத்தை ஓட்டினார். அப்போது அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். கடிதத்தில் கையெழுத்திட்ட மாணவிக்காக இதைச் சொல்கிறேன்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2016ஆம் ஆண்டில் நம் விமானப்படை வீரர் குழு ஒன்று ‘பிரதட்சிணா’ என்று பெயரிட்டு, மேற்கு வங்காளத்துக் கலைக்குண்டாவில் தொடங்கி, என்ஜின் பூட்டிய வான்குடைகளிலேயே நாட்டின் எல்லையோரமாக வலம் வந்தது. சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் பயணம். கோயிலை வலம் வருவதற்கு வைத்திருந்த சொல்லை நாட்டை வலம் வருவதற்கு வைத்தவர் யாரோ, நல்ல தமிழாசிரியரிடம் படித்தவராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், “அப்படியானால் நாமும் பறக்கலாமே” என்பீர்கள். வயல்களுக்கு வருகிறேன்.

வெறுமையாகக் கிடக்கின்றன என்று எழுதினீர்கள். சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே, நெல் நிற்கும்போதே, ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். கதிர் அறுத்தபின் அந்தத் தாளடியில்தான் அவை முளைத்துப் படர்கின்றன. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது வெற்று நிலம். குடியானவனுக்கு அது மாசி பங்குனிச் செலவுக்குப் பணம். அதில் ஒரு வண்டி இறங்கினால், அவன் கையில் அரிவாளோடு வருவதில் எனக்கு வியப்பில்லை. மேலும் நம் வயல்கள் சிறியவை. வரப்புக்கு வரப்பு சில பத்தடிகளே. அமெரிக்கப் புல்தரையில் வண்டி கிளம்பவும் இறங்கவும் தடையின்றி ஓடியது; இங்கே முதல் வரப்பிலேயே முன்சக்கரம் குப்புறத் தள்ளும். உளுந்து எடுத்தபின் சித்திரை வைகாசியில் கொஞ்சகாலம் நிலம் காயும். அப்போது வெயில். ஆனி ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று அம்மியையும் நகர்த்தும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆக, ஆண்டில் எஞ்சுவது, பனி விலகிய சில விடியற்காலைகள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மின்கம்பிகள். பம்புசெட்டுக்குப் பம்புசெட்டு, வயலைக் குறுக்கிட்டு, தென்னைகளின் இடையே புகுந்து செல்கின்றன. வானிலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது. அனுபவசாலிகள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பங்களைத் தேடுகிறார்கள். இரண்டு கம்பங்களைக் கண்டால் நடுவே கம்பி இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

கம்பியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. இதைப் பொதுவில் சொல்வது இதுவே முதல் தடவை. 2004ஆம் ஆண்டு ஆடி மாதம், நான் தலைமையாசிரியராக இருந்த கிராமத்துப் பள்ளியில் பட்டம் விடும் போட்டி ஒன்று வைத்தேன். மிக உயரத்தில் விடுகிறவனுக்குப் பேனா பரிசு. காற்றின் விசை, கோணம், நூலின் இழுவை எல்லாவற்றையும் பிள்ளைகள் கண்ணால் கண்டு கற்கட்டும் என்பது என் எண்ணம். மைதானத்துக்கு அப்பால், கருவேலமரத்துக்குப் பின்னே, ஒரு பம்புசெட்டுக் கம்பி போவது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அது என் நினைவில் இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய பட்டம் அதில் மாட்டிக்கொண்டது. யாரும் பார்க்கும் முன்னே, அவன் ஓர் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு வரப்பின்மேல் ஏறி அதைத் தட்டினான். பிழைத்தான். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் அவன் தகப்பனார் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அவன் தலையெழுத்து சார்” என்றார். தலையெழுத்து அன்று. போட்டிக்கு முன்னால் நான் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேர நடை. பரிசுப் பேனாவை வாங்குவதற்குக் கடைத்தெருவுக்கு நடந்தேன். அந்தக் கால் மணி நேரம் நடக்கவில்லை. இல்லினாயில் அந்த அம்மையார் கயிறுகளின் பக்கமாக நடந்தபோது நான் ஏன் அவ்வளவு உற்றுப் பார்த்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையில் இருப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம். 2013இல் அது விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணி ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. ஒலியை மிஞ்சும் விமானங்கள் ஏறி இறங்கும் வானத்தில், மணிக்கு 50 கிலோமீட்டர் ஊரும் ஒரு துணிக்குடை அனுமதியில்லாமல் திரிவதை யாரும் ஒப்பார், ஒப்பவும் கூடாது. ஆனால் கதவு முழுவதும் அடைபட்டதன்று. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கையில், என்ஜின் பூட்டிய வான்குடைகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. இந்திய வான் விளையாட்டுச் சம்மேளனத்தைத் தலையாக வைத்து, மாவட்டச் சங்கங்கள் வரையில் படிகள் வகுத்திருக்கிறார்கள். முறையான சங்கம், முறையான பயிற்சியாளர், முறையான அனுமதி பெற்ற இடம், இவை இருந்தால் பறக்கலாம். அமெரிக்காவில் ஒருவர் மட்டும் ஏறும் மிக இலேசான ஊர்திக்கு உரிமமே வேண்டியதில்லை என்று விட்டிருக்கிறார்கள். இருவர் ஏறுவதற்கு உரிமம் பெறக் குறைந்தது 12 மணி நேரம் பறந்து பழக வேண்டும், அதில் 10 மணி ஆசிரியரோடு. உரிமம் தேவையில்லாத இடத்திலுங்கூட ஆசிரியரில்லாமல் தொடங்குகிறவனை அந்தச் சங்கத்தார் தங்கள் புல்தரையில் அனுமதிப்பதில்லை. பழைய என்ஜினும் பழைய துணியும் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நைலான் துணி வெயில் பட்டால் நைந்துபோகும். பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். எலி கடித்த ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியும்.

ஆக, அந்த நால்வருக்கும் நான் எழுதிய நாலு வரி இதுதான்: “இப்போது இங்கே பறக்க இயலாது. சங்கம் அமைக்க இயலும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர வழியுண்டா என்று விசாரியுங்கள். அங்கே மாதிரி விமானம் செய்யவும் சிற்றூர்தியில் பறக்கவும் வாய்ப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.”

வந்தார்கள். முதலில் அவர்கள் ஊர்க் களத்தைச் சுற்றி ஐந்து பேரும் நடந்தோம். கம்பி எங்கே, கம்பம் எங்கே, மரம் எங்கே என்று ஒரு படம் வரைந்தோம். கம்பி இல்லாத மூலையாகப் பார்த்து ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். என்னிடம் மிச்சமிருந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தேன். பெயர் எழுதும் இடத்தில் தேதி. வருகை குறிக்கும் இடத்தில் காற்று. காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் முறைவைத்துப் பார்த்து எழுதுகிறார்கள். பறப்பதற்கு ஏற்ற வேளையா அன்றா என்று நால்வரும் தனித்தனியே முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் ‘கூடாது’ என்றாலும் கூடாது.

பங்குனிக் கடைசி வரையில் எழுதியதைச் சென்ற வாரம் கொண்டுவந்து காட்டினார்கள். ஐம்பத்தொரு நாட்களில், நால்வரும் ஒப்பிய நாட்கள் பதினான்கு. கடைசிப் பக்கத்தில் அந்த மாணவியின் கையெழுத்து: “காலை 6. ரிப்பன் தொங்குகிறது. பறக்கலாம். 7.30. ரிப்பன் கிடையாக நிற்கிறது. பரந்திருந்தால் இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும்.” சிவப்பு மையை எடுத்து ஒரே ஓர் எழுத்தைத் திருத்திவிட்டுப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.